ராஜாவை நேரில் பார்த்தவர்

லெம்பா பெர்த்தாமில் கோஸ் என்ன விலை என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், எங்கள் அண்ணனிடம் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் விலை வரும். விலைக்குப் பின்னாலேயே கோஸ் ஏற்றிப் போகிற லோரி வரும். லோரி தாப்பா வளைவுகளில் இறங்கும். இறங்கிய லோரி கே.எல். போய்த்தானே ஆக வேண்டும்? கே.எல். வந்துவிட்டால் மெர்டேக்கா அரங்கமும் 2013 டிசம்பர் 28ஆம் தேதியும் கூடவே வந்துவிடும். அப்புறம் உங்கள் தே தாரே ஆறி ஆடை கட்டினாலும் எழுந்திருக்க முடியாது.

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். எம்.ஜி.ஆர். கையைத் தொட்டவர், சிவாஜி தன்னைப் பார்த்துத் தலையாட்டினார் என்று சாதிப்பவர். ஒரு ராத்திரியை வங்கியில் போட்டுவிட்டு அதன் வட்டியில் மிச்ச ஆயுளை ஓட்டுகிறவர்கள். எங்கள் அண்ணன் இளையராஜாவை நேரில் பார்த்தவர். ரிங்லெட்டிலிருந்து கீழே இறங்கும் சாலையோரம் அண்ணி நடத்துகிற ஒட்டுக்கடைக்குக் காலையில் பசியாற வருகிற யாரும் அவரிடம் பாடம் கேட்காமல் தப்ப முடியாது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இந்தப் பக்கத்தையும் வெட்டியெடுத்து லேமினேட் போட்டுவிடுவார்.

ஏற்கெனவே ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார், டிக்கெட்டை. அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு விரலால், திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற பதவிசோடு எடுப்பார். அது சூட்டில் எழுத்து விழுகிற வகைத் தாள். அப்படிப்பட்ட தாளை லேமினேட் மெஷினுக்குள் விட்டால் என்ன ஆகும்? கருகின தோசை ஆகும். ஓரத்தில் தேதி மட்டும் தப்பியது. இருக்கை எண் இருந்த மூலை முழுக் கறுப்பு.

அதுவும் நல்லதாய்ப் போயிற்று. முதல் வருடம், "தூரம்தான், ஆனா தெளிவாத் தெரிஞ்சுது" என்றார். மூன்றாம் வருடம் நடு வரிசைக்கு வந்திருந்தார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, மனுஷன் வீட்டுக்குள் இருந்தபடியே ஏழெட்டு வரிசை முன்னேறிவிட்டார். கடை திறந்து நாங்கள் போய்ப் பார்த்தால், வயலின்காரர் வில்லை இழுக்கும்போது இவர் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்ததாம்.

அரங்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விட மாட்டார். 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி துங்கு ஏழு தடவை "மெர்டேக்கா" என்று முழங்கிய இடம், 1996இல் மைக்கேல் ஜாக்சன் ஆடிய இடம் என்று சொல்லி நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவதாக அங்கே உட்கார்ந்தது யார் என்பதை நாமே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அன்றைக்கு ராஜா வரவில்லை.

அந்த வாரம் சென்னையில் இளையராஜாவுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். இங்கே டிக்கெட் விற்றாகிவிட்டது. மூத்த மகன் கார்த்திக் ராஜா பொறுப்பேற்று நிகழ்ச்சியை நடத்தினார். ராஜா சென்னையிலிருந்தபடி திரையில் தோன்றிப் பேசினார். ஆக, நேரில் பார்த்தவர் நேரில் பார்த்தது ஒரு திரையை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை. அண்ணி போடும் நாசி லெமாக் சம்பலுக்கு இருக்கிற மரியாதை அப்படி.

வாய் திறந்தது 2023இல்தான். ஜனவரி 28ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கத்தில் ரகுமான் கச்சேரி. எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் காடி எடுத்துக்கொண்டு போய்வந்து, மறுநாள் கடையில் போனைச் சுற்றுக்கு விட்டார்கள். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"என்னடா இது? பூரா நேரமும் போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கே. ரகுமானை உன் போன்தான் பார்த்திருக்கு. நீ எங்கடா பார்த்தே?"

"அங்கிள், எங்காளு மேடைக்கு வந்தாரு லா. உங்காளு?"

கல்லில் ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்த கைகூட நின்றுவிட்டது. அண்ணன் நிதானமாகக் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"தம்பி, நீ கோயிலுக்குப் போறேல்ல? சாமி எந்திரிச்சு வந்து 'வாப்பா'ன்னு கூப்பிட்டுச்சா?"

பையன் தே ஓ கிளாசைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அன்றைக்கு அண்ணன் ஒரு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டார்.

அவரிடம் இன்னொரு பிரமாணமும் உண்டு, ராஜா நம்ம ஆள் என்பதற்கு. இதைக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1958இல் கேரளத்துத் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராஜன் தேயிலைத் தோட்டங்களில் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டார். கூடப் போன தம்பி ராசய்யாதான் பிற்பாடு 'அன்னக்கிளி'யில் இளையராஜா ஆனவர். "கொழுந்து கிள்ளுறவனுக்குத்தான்டா அந்த மனுஷன் முதல்ல பாடினதே," என்பார் அண்ணன். அவரே இருபது வருடம், கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சரிவில் பக்கவாட்டாக நடந்தவர். ஆகவே ராஜாவுக்கு ஏறக்குறையப் பங்காளி முறை. 2025 மார்ச்சில் லண்டனில் ராஜா சிம்பொனி அரங்கேற்றிய செய்தி வந்தபோது ஊரே அண்ணனுக்குத்தான் கைகொடுத்தது. அவரும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் வெகுநாளாக இருந்தது. அண்ணன் கதை சொல்லும்போது அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஆற்றுவார். ஆனால் பாட்டு வரிசை பிசகினால் மட்டும் திரும்பாமலே திருத்துவார். "புல்லாங்குழல் அந்தப் பாட்டுல இல்ல, அடுத்ததுல." அண்ணன் மறுபேச்சு பேசாமல் மாற்றிக்கொள்வார். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை அண்ணிக்குத் தெரியும். முன் வரிசைக்காரருக்குத் தெரியாது.

போன மாதம் அண்ணன் பிரஷர் மாத்திரை வாங்கத் தாப்பா போயிருந்த நாளில் கேட்டுவிட்டேன்.

அண்ணி மண்ணிலிருந்து ஆரம்பித்தார். கச்சேரி நடந்த வருடம் அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். மழை. மேலே அணை திறந்து, பெர்த்தாம் ஆறு கரையை விட்டு வந்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் உயிர்கள் போன ராத்திரி அது. இவர்கள் வீட்டில் ஆள் தப்பியது. இடுப்பளவு சேறு. கட்டிலுக்கு அடியில் இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கேசட், கடைக்காரரிடம் பட்டியல் எழுதிக் கொடுத்து, பாட்டுக்கு இவ்வளவு என்று காசு கட்டிப் பதிந்தவை. அண்ணன் ஒவ்வொன்றாகத் திருகாணி கழற்றி, பழைய பல் பிரஷால் சேற்றைத் தேய்த்து, நாடாவை உருவித் துணிக்கொடியில் காயப் போட்டாராம். கால்சட்டைக்கும் கைலிக்கும் நடுவில் பழுப்பு நாடா கஜக்கணக்கில் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததாம். ஒன்றும் தேறவில்லை.

"அதுக்கப்புறம் தூக்கமே இல்ல தம்பி. தகரத்துல ஒரு சொட்டு விழுந்தாப் போதும், டார்ச்சை எடுத்துக்கிட்டு ஆத்தோரம் போய் நிப்பாரு. நம்ம மலையில என்னிக்கு மழை இல்ல? ரெண்டு மாசம் இப்படியே."

அண்ணியின் தம்பிதான் மனசு கேட்காமல் இரண்டு டிக்கெட் வாங்கிக் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"கச்சேரி ஆரம்பிச்சுது. ரெண்டாவது பாட்டு முடியல, உங்க அண்ணன் என் தோள்ல சாஞ்சுட்டாரு. நல்ல தூக்கம். குறட்டை வேற."

"எழுப்பலியா அண்ணி?"

"அம்புட்டுச் சனம் கத்துது, விசிலடிக்குது. அந்தச் சத்தத்துல மனுஷன் தூங்குறாரு. எழுப்பச் சொல்றீங்களா?" பால் டின்னைத் துடைத்தார். "ராஜா பேசினப்ப மட்டும் தட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தாரு. 'வந்துட்டாரா'ன்னு கேட்டாரு. 'வந்துட்டாரு'ன்னேன். திரும்பவும் சாஞ்சுட்டாரு."

வேன் திரும்பி வரும்போதுதான் விழித்து, என்னென்ன பாடினார்கள் என்று கேட்டாராம். அண்ணி ஒன்றுவிடாமல், யார் பாடினது, எதற்குக் கைத்தட்டல், எங்கே கோரஸ் என்று தாப்பா வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்கு மேலே வளைவு. அண்ணிக்கு வாந்தி.

அண்ணி இதைச் சொன்ன மறுநாள் காலை கடையில் ஒரு புது முகம், பினாங்கிலிருந்து ஸ்ட்ராபெரி பார்க்க வந்தவர். பாவம், கோஸ் விலை கேட்டுவிட்டார். லோரி இறங்கியது, கே.எல். வந்தது.

"மூணாவது பாட்டுக்குப் பாருங்க, நான் அப்படியே எந்திரிச்சு நின்னுட்டேன்..."

"நாலாவது," என்றார் அண்ணி, திரும்பாமல்.

"நாலாவது பாட்டுக்கு." அண்ணன் விருந்தாளியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவளும் வந்தா அன்னிக்கு. என்னத்த ரசிச்சா? வேன்ல ஏறினதுலேருந்து தோள் வலிக்குது, தோள் வலிக்குதுன்னு ஒரே புலம்பல்."