முகத்துக்கு முன்னால் கடல் மட்டும்

கேள்வி: ரெட்டைக் குழாய் ரெகுலேட்டர் என்ற மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இன்றும் சிலர் கடலுக்குள் இறங்குகிறார்களாமே! அந்தப் பழசில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: குமிழிதான் விஷயம்! இன்றைய ரெகுலேட்டரில், விடும் மூச்சு வாயருகே கொப்பளித்துக் காதோரம் இரைந்துகொண்டு ஏறும். ரெட்டைக் குழாயிலோ வலது குழாய் காற்றைக் கொண்டுவரும். இடது குழாய் விட்ட மூச்சைப் பிடரிக்குப் பின்னால் அனுப்பிவிடும். மீனைப் படமெடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

1943இல் இந்தக் கருவியை உருவாக்கிய கூஸ்தோவும் எமில் காஞானும் பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் அதைச் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று வீணாய்க் கொட்டியது. வெளியேற்றும் வால்வை, முதுகிலுள்ள டயஃப்ரத்தின் (நீரழுத்தத்தை உணரும் சவ்வின்) அருகிலேயே வைத்ததும் சரியாயிற்று. விட்ட மூச்சு முதுகுக்குப் போவது அதனால்தான். எவ்வளவு அழகான தீர்வு!

இந்தக் கருவிக்குப் பிடிவாதமும் உண்டு. குப்புற நீந்தினால் கொஞ்சம் இழுத்து வாங்க வேண்டும். மல்லாந்தால் கேட்காமலே அள்ளிக் கொடுக்கும். குழாயில் தண்ணீர் புகுந்தால் இடப்பக்கம் உருண்டு ஊத வேண்டும். இதையெல்லாம் நீச்சல் குளத்திலேயே பழகிவிடுங்கள்.

பரணில் ஒன்று கிடைத்தால் அப்படியே மாட்டிவிடாதீர்கள். பழைய ரப்பர் விரிசல் விட்டிருக்கும். புது சிலிக்கான் குழாயும் டயஃப்ரமும் இப்போது கிடைக்கின்றன. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பழுது பார்த்து, அழுத்தமானியும் பொருத்திய பிறகே இறங்குங்கள்.