ராஜபாளையம் குட்டியின் பாற்பல் கடியும் அதன் தடுப்பு முறைகளும்: பிளவக்கல் அடிவாரத்திலிருந்து ஓர் ஆய்வு

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளையும் சேர்த்துப் பிளவக்கல் என்பது வழக்கம். அணைக்குக் கீழே தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வயலும். மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். ரோட்டிலிருந்து மனிதன் ஏறுவான். இவ்விரு உயிரினங்களிடமிருந்தும் தோப்பைக் காக்கவே நாய் வளர்க்கப்படுகிறது. ஆனால் அந்த நாய் தன் வாழ்வில் முதன்முதலாகக் கடிப்பது பன்றியையும் அல்ல, திருடனையும் அல்ல, சோறு வைத்தவரை. இம்முரண்பாடே ஆய்வுப் பொருள்.

எடுத்துக்கொண்ட உயிரி, ராஜபாளையம் நாயின் குட்டி. பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, வயது இரண்டு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை. கடி என்னும் சொல்லை இக்கட்டுரை பின்வருமாறு வரையறுக்கிறது: குட்டியின் பல் தோலிலோ கைலியிலோ பதிந்து, அதைப் பார்த்த வீட்டார் “சும்மா வெளாடுது” என்று சொல்லும் நிகழ்வு. அதே நிகழ்வு பக்கத்து வீட்டாருக்கு நேர்ந்தால் அதற்குப் பெயர் பஞ்சாயத்து. அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

நாய்க்குட்டிக்குப் பாற்பல் 28. மூன்று, நான்கு மாதத்தில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் நிலைப்பல் 42 வந்துவிடும். பாற்பல் ஊசிபோல் இருக்க, தாடையில் பலம் கம்மி. ஆக, சேதம் சிறிது, வலி பெரிது. இயற்கை இதைக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறது போலும். கூடப்பிறந்ததன் காதைக் குட்டி அழுத்திக் கவ்வினால் அது வீலென்று கத்தி, ஆட்டத்தை விட்டு எழுந்து போய்விடும். தாய் மடியில் பல் பட்டால் தாயும் எழுந்துவிடும். அழுத்தினால் ஆட்டமும் போச்சு, பாலும் போச்சு. இந்தப் படிப்பு முடிய எட்டு வாரமாவது ஆகும். சோறு தின்னத் தொடங்கியதுமே, தாயைப் பிரித்துக் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினால் படிப்பு பாதியில் நிற்கிறது. மீதிப் பாடத்துக்கு வாங்கியவர் கை கரும்பலகையாகிறது.

மேலைநாட்டில் இத்துறை அறிஞர்கள் ஃபெரட் என்றொரு பிராணியிடம் கடி வாங்கி நிறையக் கற்றிருக்கிறார்கள். பார்க்கக் கீரிப்பிள்ளை ஜாடை. ஆனால் கீரிக்குச் சொந்தமில்லை, நீர்நாய்க்குத்தான் பங்காளி. முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்ட ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பழக்கிய பிராணி அது. இன்று அமெரிக்காவில் செல்லப்பிராணி. அங்கேயும் கலிஃபோர்னியாவில் தடை. தடித்த தோல் என்பதால் ஃபெரட்டுகள் ஒன்றையொன்று கழுத்தில் கவ்வி இழுத்துத்தான் விளையாடும். அதே மரியாதையை மனிதக் கைக்கும் செய்யும்போது ரத்தம் வந்துவிடுகிறது. இறங்க விரும்பும் ஃபெரட்டைத் தூக்குகிறோம், அது கடிக்கிறது, நாம் பதறி இறக்கிவிடுகிறோம். கடித்தால் இறங்கலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கைதேர்ந்தவர்கள் கடித்த கணத்தில் இறக்குவதில்லை. அடங்கும்வரை பிடித்திருந்து, வாயை மூடிய பிறகே இறக்குவார்கள். கடித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேள், கடியின் காரணம் கிடைக்கும் என்பதே கடியியலின் முதல் விதி.

ராஜபாளையம் குட்டிக்கும் விதி அதுவே, செய்முறையைத்தான் திருப்பிப் போட வேண்டும். அதற்கு வேண்டியது இறக்கம் அல்ல, ஓட்டம். ஆடுகிற கைலி நுனி, கொலுசு, தோளிலிருந்து தொங்கும் துண்டு, ஐயோ என்று அலறி ஓடும் சிறுபிள்ளை. பிள்ளை ஓடுவதைக் காட்டிலும் சிறந்த பரிசை எந்தப் பயிற்சியாளராலும் தர முடியாது. எனவே பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காமல் அப்படியே வைத்து, விளையாட்டை நிறுத்தி, எழுந்து முதுகைக் காட்டிவிட வேண்டும். சற்றுப் பொறுத்துக் கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்றை வாயில் கொடுக்கலாம். இதில் குட்டிக்குக் கஷ்டமே இல்லை. தாத்தா ஒருவிதம், பேரன் ஒருவிதம், தோட்டக்காரர் ஒருவிதம் என்றில்லாமல் வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான், இவ்வட்டாரத்துக் கூட்டுக்குடும்ப வரலாற்றை வைத்துப் பார்த்தால், நடக்காத காரியம்.

உள்ளூர்ச் சிந்தனை மரபுகளையும் ஆய்வாளர் புறக்கணிக்கவில்லை. மிளகாய்ப்பொடிப் பள்ளியினர் கையில் மிளகாய்ப்பொடி தடவிக்கொள்ளச் சொல்வர். குட்டி அன்று கடிப்பதில்லை. தடவியவர் சாயங்காலம் கண்ணைக் கசக்கும்போதுதான் இம்முறையின் முழு விளைவு தெரியவரும். மூக்கில் தட்டும் பள்ளி இன்னும் பழையது. தட்டு வாங்கிய குட்டி, கை என்றால் ஒன்று விளையாட்டுச் சாமான், இல்லாவிட்டால் எதிரி என்று முடிவு கட்டுகிறது. பின்னாளில் சங்கிலி மாட்ட வரும் கையும் தடுப்பூசி போட வரும் கையும் எந்த வகை என்று அதற்குக் குழப்பம். குழப்பத்தில் நாய் எப்போதும் ஒரே முடிவைத்தான் எடுக்கும்.

எல்லாவற்றிலும் செல்வாக்குள்ளது கைதட்டும் பள்ளி. கையகலக் குட்டி விருந்தாளியின் பெருவிரலைப் பிடித்து உறுமுகிறது. “பாத்தீகளா அண்ணாச்சி, இப்பவே என்னா கோவம்!” என்று வீட்டுக்காரர் பூரிக்கிறார். விருந்தாளியும் சிரிக்கிறார், வேறென்ன செய்வார். ஏழாம் மாதம் அதே வீட்டுக்காரர், “சனியன், யார் வந்தாலும் பாயுது” என்கிறார். குட்டி தேறிய பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறது, அவ்வளவே. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம் நாய். முதுகில் எச்சில் தடவினாலும் கடிக்காத ராஜபாளையம் என்று அதை மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

இனி வருவது சிரிப்புக்குரியதல்ல. ராஜபாளையம் இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. நிறம் தரும் அணுக்கள் தோலில் மட்டும் இல்லை, உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமற்போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உணர்வணுக்கள் செயலிழக்கின்றன. தலையில் வெள்ளை கூடிய ஃபெரட்டுகளுக்கும் இதே கதி. வாங்குவோர் கேட்பதோ சுத்த வெள்ளையும் ரோஸ் மூக்கும். விலை நிறத்துக்கு, காதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பல் பட்டதும் “ஆவ்” என்று கத்துங்கள் என்னும் உலகப் புகழ்பெற்ற முறை இக்குட்டியிடம் செல்லாது. கூடப்பிறந்தது வீலென்று கத்தியதும் அதற்குக் கேட்டிருக்காது; பாதிப் படிப்பு அங்கேயே போயிற்று. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும்; அதைக் கோபக்கார நாய் என்று கட்டிப்போடுவார்கள். சோதிக்க வழி எளிது. குட்டி தூங்கும்போது, காற்றும் தரையதிர்வும் அதன்மேல் படாத தூரத்தில், பின்பக்கம் நின்று தட்டைத் தட்ட வேண்டும். பக்கத்தில் நின்று கைதட்டினால் காற்று பட்டே எழுந்துவிடும், நாம் காது கேட்கிறது என்று ஏமாந்துபோவோம். கேளாத குட்டியைத் தரையை மிதித்து எழுப்பலாம். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து என்று பழக்கலாம். பழகும், கண் கூர்மையான இனம்.

ஒன்றை மட்டும் ஆய்வு மொழியை விட்டுச் சொல்லிவிடலாம். குட்டியானாலும், நம் வீட்டுக் குட்டியானாலும், பல் பட்டு ரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாயோ வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அவர்கள் குறித்துக் கொடுக்கும் மற்ற நாட்களையும் தவறவிடக் கூடாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி.

மேலாய்வுக்கு இரண்டு சிக்கல்கள் எஞ்சுகின்றன. முதலாவது, 2025இல் ஒரு ரீல்ஸ் வீடியோவால் அணைக்குப் பக்கத்துக் கூமாப்பட்டி நாடெங்கும் பேர்பெற்றது. வருகிற கார்களைப் பார்த்தால் அந்நியர் யார் என்று நாய்க்குச் சொல்லிவைத்த பழைய இலக்கணம் தாங்குமா என்பது ஐயமே. இரண்டாவது, தோப்புக்காரர்களின் கோரிக்கை. அவர்கள் கேட்பது கடிக்காத நாயை அல்ல. ஆளறிந்து கடிக்கும் நாயை. வீட்டாரைக் கடிக்கக் கூடாது. மின்கட்டணம் கணக்கெடுக்க வருபவரைக் கடிக்கக் கூடாது. தேங்காய் வியாபாரி தோப்புக்குள் வரும்போது வாலை ஆட்ட வேண்டும். அவர் காயைத் தட்டிப் பார்த்து விலையைச் சொன்ன பிறகு லேசாக உறுமலாம். இதற்கான பயிற்சி முறை இதுவரை கண்டறியப்படவில்லை.