எந்தப் பின்னொட்டு, சார்?

பெருங்களத்தூர், அஞ்சலில் சென்னை-63. மாவட்டத்தில், 2019 முதல் செங்கல்பட்டு. மாநகராட்சியில், 2021 முதல் தாம்பரம். இருந்தும் கடிதம் வந்துவிடுகிறது; தபால்காரர் மனிதர்.

அலுவலகக் கணினி அப்படியல்ல. 'பிரிண்டர்' என்று மட்டும் தட்டினால், தன் பட்டியலிலுள்ள டொமைன் பின்னொட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். முதலில் கிடைத்த முகவரியே பிரிண்டர்; காகிதம் வேறு மாடியில் வந்தால் அதன் பொறுப்பல்ல.

பட்டியலைக் குரூப் பாலிசியில் ஒருமுறை எழுதினால் எல்லாக் கணினிக்கும் போய்ச்சேரும். ஆனால் மேசை மேசையாகப் போய்த் தட்டினால்தானே வேலை செய்வதாக மேனேஜர் நம்புவார்!

உள் நெட்வொர்க்குக்கென்றே '.இன்டர்னல்' பின்னொட்டை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2024-இல் ஒதுக்கிவிட்டது. ஆனால் முன்பே '.லோக்கல்' வைத்தவர்கள் மாற்ற மாட்டார்கள். ஓடுவதைத் தொடாதே என்பதுதான் ஐ.டி. துறையின் அரசியல் சாசனம்.