கேக்குதுங்களா?

“எல்லாருக்கும் வணக்கம். என் வாய்ஸ் கேக்குதுங்களா?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். யார் பதில் சொல்வது? மீட்டிங் ரூமை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்துகொண்டிருக்கிறார் மனிதர். ஊரடங்கு காலத்து ஜூம் மீட்டிங்கில் தொற்றிய பழக்கம். கொரோனா போய்விட்டது, இது போகவில்லை. கொஞ்சம் பொறுத்து, “ஓகே, கேக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போவார்.

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியோ திருப்பூர் பனியன் கம்பெனியோ, நாலு கம்ப்யூட்டரும் புதிதாகச் சேர்ந்த பையன்களும் உள்ள ஆபீஸ் என்றால் அங்கே ஒரு வீடியோ அண்ணன் இருப்பார். சம்பளம் என்னவோ அக்கவுண்ட்ஸ் வேலைக்குத்தான். ஒரே சந்தேகத்தை ஆளாளுக்கு வந்து கேட்டதில் வெறுத்துப்போய், “வீடியோவாப் போட்டுடறேன், அப்புறம் ஒருத்தனும் என் சீட்டுப் பக்கம் வரக் கூடாது” என்று கிளம்பியவர்.

அவருடைய தலைசிறந்த படைப்பு, ‘இ-வே பில் போடுவது எப்படி?’ சரக்கு ஏற்றிப் போகும் வண்டிக்காக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு அது. பார்ட் ஏ-யில் பில் விவரம், பார்ட் பி-யில் வண்டி நம்பர். தூரத்தைக் கொடுத்தால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பில் எதுவரை செல்லும் என்பதைத் தளமே சொல்லிவிடும். கோவையிலிருந்து சென்னைக்கு லோடு என்றால் மூன்று நாள். விஷயம் இவ்வளவுதான், இரண்டு நிமிடத்துச் சமாச்சாரம். அண்ணனின் வீடியோ 19 நிமிடம் ஓடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வரலாற்றைச் சொல்லாமல் அவரால் லாகின் பண்ண முடியாது.

“இங்க பாத்தீங்கன்னா” என்பார். பார்ப்போம். அம்புக்குறி ஒரு பட்டனைச் சுற்றிச் சுற்றி வரும், அமுக்காது. “இதைத்தான் அமுக்கணும், ஆனா இப்ப அமுக்கக் கூடாது, ஓகேங்களா?” திரும்பவும் பதிலுக்கு ஓர் இடைவெளி. பிறகு, “பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படித்தபடி டைப் அடிப்பார்.

அவர் காட்ட நினைக்காதவையும் திரையில் வரும். மேலே திறந்து கிடக்கும் டேப்களில் ஒன்று, மச்சினனுக்குப் பெண் பார்க்கும் வரன் தளம். ஓரத்தில் வாட்ஸ்அப் எட்டிப் பார்த்து, ‘வரும்போது இட்லி மாவு’ என்று அறிவிக்கும். “அதை விட்டுடுங்க” என்பார். நாம் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்போம்.

தொழில்நுட்பமும் அவரைச் சும்மா விட்டதில்லை. ரெக்கார்ட் பண்ண விண்டோஸ் பட்டனோடு ஜி-யை அமுக்கினால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அது கேம் ஆடுகிறவர்களுக்காக வைத்தது, டெஸ்க்டாப்பைப் பிடிக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஓபிஎஸ் போட்டுப் பார்த்தார். இலவசம், நல்ல சாப்ட்வேர். ஆனால் மைக் மியூட்டில் இருந்ததால் முதல் பதிப்பு ஊமைப்படமாக முடிந்தது. இரண்டாவதில் இ-வே பில் விளக்கத்தின் நடுவே ஜன்னல் வழியாகப் ‘பழைய இரும்பு, ஈயம், பித்தாளை’ நுழைந்து கணீரென்று ஒலித்தது. அதையே ‘ஃபைனல்’ என்று சேமித்தார். பிறகு ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஒரிஜினல்’, ‘இதுதான் ஃபைனல்’.

இதுதான் ஃபைனலும் நிலைக்கவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். பாஸ்வேர்டைப் போட்டதும் உள்ளே போகும் அண்ணனின் வீடியோ ஒரே நாளில் பழங்கதை ஆனது. பாதுகாப்புக்காகச் செய்தது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “டெல்லியில எவனோ என் வீடியோவைப் பாத்துட்டுத்தான் மாத்தறான்” என்பது அவர் கட்சி.

டெல்லியில் யாராவது பார்த்திருந்தால் அது பெரிய விஷயம். ஆபீசில் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. பையன்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அண்ணன் படபடவென்று பொரிவதை ரசிப்பதோடு சரி. டெஸ்பாட்ச்சில் சேர்ந்த பெண் மட்டும் நேரே அவர் சீட்டுக்கு வந்தாள்.

“அண்ணா, வீடியோ பாத்தேங்ணா, சூப்பர்.”

“அப்படியாம்மா!”

“இ-வே பில் எப்படிங்ணா போடறது?”

கோபம் வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, செக்போஸ்ட் வரலாறெல்லாம் இல்லாமல், இரண்டே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்து முடித்தார். அதை மட்டும் யாரும் ரெக்கார்ட் செய்யவில்லை.

உங்கள் ஆபீசிலும் ஒரு வீடியோ அண்ணன் இருந்தால், குரூப்பில் லிங்க் விழுந்த அடுத்த நொடியே கட்டைவிரலைப் போட்டுவிடாதீர்கள். 19 நிமிடமாவது கழித்துப் போடுங்கள். அவர் மணி பார்க்கிறார்.