லயத்துக்கு வைஃபை வருமா?

கேள்வி: தோட்டத்துப் பொடியன்மார் பூராவும் கொழும்புக் கடைகளுக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போய்விடுகிறார்கள். இங்கேயே பிடித்து வைக்க என்ன சலுகை கொடுக்கலாம்?
— ஒரு வாசகர், இரத்தோட்டை

பதில்: சலுகை காட்டி ஆள் பிடிப்பது நம் தோட்டங்களுக்குப் புதிதா? செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையை நம்பி, மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்த சனம்தானே நாம்! வந்தவர்களைத் தக்கவைக்கவும் அன்று வழி இருந்தது: 'துண்டு'. பற்றுக்கடனை எழுதிய அந்தச் சீட்டுக்குக் காசு கட்டாமல் அடுத்த தோட்டம் ஆளை எடுக்க முடியாது.

இப்போது காலம் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. 2026 பட்ஜெட்டில் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550, வேலைக்கு வந்தால் அரசாங்கம் தரும் 200, ஆக 1,750 என்றார்கள். வரவேற்கலாம். ஆனால் பொடியனின் கணக்கு வேறு. கொழும்புக் கடையிலும் சம்பளம் கொட்டவில்லை. வாடகை, சாப்பாடு போக மிச்சம் சொற்பம்தான். இருந்தாலும் ஜீன்ஸ் போடலாம், அட்டை கடிக்காது, பெரட்டுக்களத்தில் ஏச்சு வாங்க வேண்டாம். பெண் பார்க்கப் போனால், "மாப்பிள்ளை கொழும்பில்" என்றதும் பிளேன்டீயோடு கேக் துண்டும் வருகிறது!

என்னைக் கேட்டால், உறுதிப்பத்திரத்தோடு 7 பேர்ச்சஸ் காணியும், பெயர் சொல்லிக் கூப்பிடும் துரையும்தான் பெரிய சலுகை. இல்லை, வைஃபையில்தான் தொடங்குவோம் என்றால், லயத்துக் கூரைத் தகரத்தை முதலில் மாற்றுங்கள். ரவுட்டர் நனைந்துவிடும்.