எடை போடுடா, பேராண்டி

டேய் பேராண்டி, போன்ல நீ கேட்டத நெனச்சி இன்னும் சிரிச்சிக்கினு கீறேன். கலிஃபோர்னியாவுல கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக் குடுக்கிற உத்தியோகம் உனக்கு. வூட்ல காய்ச்சின பீரு ஒரு பீப்பாய்ல இருந்து இன்னொரு பீப்பாய்க்கு எவ்ளோ போச்சின்னு மட்டும் தெரிலயாம். ரெண்டும் இரும்பு, ரெண்டும் மூடி. தெறந்து பாத்தா காத்து பூந்து ருசி கெட்டுடும். அதுக்கு ஒரு மீட்டர் வாங்கப்போறியா? டாலரு மரத்துல காய்க்குதா?

மாங்கா சீசன்ல நம்ம பங்காருபாளையத்த பாத்தவன் கேக்கிற கேள்வியாடா இது? தோத்தாபுரி ஏத்திக்கினு வர்ற ட்ராக்டரு, கூழ் ஃபேக்டரியில லோடோட ஒருவாட்டி எடைமேடை ஏறும். கொட்டிட்டு காலியா இன்னொருவாட்டி ஏறும். கழிச்சா மாங்கா. 2025ல கிலோவுக்கு ஆலைக்காரன் 8 ரூபா, சர்க்காரு 4 ரூபான்னு அல்லாடினப்ப வெலையதான் நம்பமுடியல, எடைய நம்பினோம்.

அதே வேலைய நீயும் பண்ணு. காலி பீப்பாய்ல மொதல்ல கரியமிலவாயுவ நெரப்பு. குழாயெல்லாம் மாட்டி தராசுல வெச்சி, அப்புறமா சைபர் பண்ணு, அதுக்கப்புறம் பீர வுடு. மாட்டறதுக்கு முன்னாடி சைபர் பண்ணிட்டு, கணக்கு தப்புதுன்னு எனக்கு போன் போடாத. பீரு தண்ணிய விட கொஞ்சம் கனம். பீரோட அடர்த்தி பாக்கிற உன் கண்ணாடி மானி 1.010 காட்டுச்சின்னா லிட்டருக்கு 1 கிலோ 10 கிராம். தராசு 18 கிலோ 180 கிராம் காட்டினா உள்ள 18 லிட்டர். நுரை பொங்கினாலும் கிலோ கூடாது. ஆனா நுரை எடத்த அடைச்சிக்கும், 19 லிட்டர் பீப்பாய்ல கழுத்து வரிக்கும் ஆசப்படாத, காத்துக் குழாய் வழியா பீரு வெளிய வந்துடும்.

குழாய மேல இருந்து கயித்துல தளர்வா தொங்கவுடு. வெறச்ச குழாய் பீப்பாய இழுத்துச்சின்னா தராசு வாய் கூசாம பொய் சொல்லும்.

தராசும் இல்லியா? உங்க பாட்டிய கேளு. அவ கேஸ் சிலிண்டர ஈரத்துணியால ஒரு தொட தொடைப்பா. மேல சீக்கிரம் காஞ்சிடும், கேஸ் நிக்கிற மட்டம் வரிக்கும் ஈரம் இருக்கும். அதப் பாத்துதான் அடுத்த சிலிண்டருக்கு சொல்லி வெப்பா. பீரு சில்லுன்னு போனா உன் பீப்பாயும் அப்டிதான். காத்துல ஈரம் அதிகமா இருந்தா துணியே வேணாம், தானா வேர்த்து கோடு காட்டும். இது உத்தேசம்தான். தராசு மாதிரி வராது.

லீவுக்கு வர்றப்ப இந்த பீப்பாயெல்லாம் தூக்கிக்கினு வராத. லைசென்ஸ் இல்லாம இங்க காய்ச்சினா எக்சைஸ்காரன் உன் பீரையும் அளப்பான், உன்னையும் அளப்பான். அமெரிக்காவுல 1978ல ஜிம்மி கார்ட்டரு கையெழுத்து போட்ட சட்டத்தால வூட்ல காய்ச்சலாம். ஒண்டிக்கட்டைக்கு வருஷத்துக்கு 100 காலன், பெரியவங்க ரெண்டு பேரு இருக்கிற வூட்டுக்கு 200. இத உங்கம்மாகிட்ட சொன்னேன். உன் ஜாதகத்த எடுத்துக்கினு பலமனேர் கெளம்பிட்டா.