லாகின் என்றொரு மரக்கட்டை

காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதி உலகம் செய்கிற முதல் வேலை லாகின். கதவைத் திறந்து உள்ளே போகிற சமாச்சாரம் அது என்றுதான் பொது நினைப்பு. பாஸ்வேர்ட்தான் சாவி, மறந்தவன் வாசலில் நிற்க வேண்டியதுதான். தமிழில் எழுதினால் பூட்டும் லாக், மரக்கட்டையும் லாக் என்று ஆகிவிடுவதால் இந்த நினைப்புக்கு இன்னும் பலம். ஆனால் லாகினில் இருப்பது பூட்டு அல்ல, சாட்சாத் கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, விசிறி வடிவப் பலகை ஒன்றின் விளிம்பில் ஈயம் பதித்து, கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் எறிவார்கள். இந்தக் கட்டை வித்தையை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இலேயே எழுதி வைத்திருக்கிறார். ஈயத்தின் கனத்தால் பலகை தண்ணீரில் நிமிர்ந்து நின்று, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கப்பல் போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் 47 அடி சொச்சத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவியதோ, மணிக்கு அத்தனை கடல் மைல். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் லாக் புக். நாளடைவில் புக் கழன்று விழ, லாக் என்றாலே பதிவேடு என்றானது. ஆகவே லாகின் செய்வது கேட்டைத் தாண்டுவதல்ல. வாட்ச்மேன் நீட்டுகிற நோட்டில் பேர் எழுதிக் கையெழுத்துப் போடுவது.

வெறும் நோட்டுக்குப் பாஸ்வேர்ட் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961இல் இயக்கிக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், விலையுயர்ந்த ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுக்கொண்டார்கள். யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்ற கணக்கு அங்கே முக்கியம். லாகின் என்ற கட்டளையும் இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. போதவில்லை. 1962இல் பாஸ்வேர்ட் கோப்பு முழுவதையும் அச்சடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பேரில் வேலை பார்த்தார். அவருக்கு யாருடைய ரகசியமும் வேண்டியிருக்கவில்லை, நேரம்தான் வேண்டியிருந்தது. அடுத்தவன் பற்றில் எழுதிவிடக் கூடாதே என்பதற்காகவும்தான் பாஸ்வேர்ட். லாகவுட்டில் 'வெளியே' என்று இருக்கிறதே, அது கதவில்லையா என்றால், அதுவும் இல்லை. போன நேரத்தை எழுதாவிட்டால் வந்த நேரத்தை வைத்துக்கொண்டு கணக்கர் என்ன செய்வார்?

இன்டர்நெட்டின் மூதாதையான அர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று அனுப்ப முயன்ற முதல் சொல்லும் லாகின்தான். எல், ஓ என்ற 2 எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சர்வர் டவுன் அன்றே பிறந்துவிட்டது.

தமிழில் பல தளங்கள் 'உள்நுழை' என்கின்றன. கட்டையைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கதவை மட்டும் பிடித்துக்கொண்ட சொல் அது. தமிழ் விக்கிப்பீடியாவின் 'புகுபதிகை' கொஞ்சம் கரடுமுரடு; நாக்கில் உருளாது. ஆனால் பதிவேடு அதில் பத்திரமாக இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.